தெல்மா மொசப் தூக்காத கை

பதினேழு வருஷம் நான் ரக்பி லீக் ஆட்டங்களுக்கு நடுவராக விசில் ஊதியவன். ஊதியதற்குக் கிடைத்தது வசவு. என் கண்ணைப் பற்றியும் தொந்தியைப் பற்றியும் பேசாத வாய் இங்கிலாந்தின் மேற்குக் கம்பிரியாவில் கிடையாது. கிளப் தலைவர்களைத் திட்டுவார்கள், ஆட்டக்காரர்களைத் திட்டுவார்கள், மழையைக்கூடத் திட்டுவார்கள். அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் ஒரே ஒரு ஆளைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டார்கள். அவள்தான் தெல்மா மொசப்.

எங்கள் தொடரில் பத்து கிளப். எந்தச் சனிக்கிழமை, எந்த மைதானத்தில், யாரோடு யார் மோதுவது என்று அட்டவணை போடுகிறவள் தெல்மா. பந்தை அவள் ஒரு நாளும் கையால் தொட்டதில்லை. வேலை பஸ் டிப்போவில், டிரைவர்களுக்கு டூட்டி போடுவது. நாற்பத்திரண்டு டிரைவர்கள். அதில் ரெண்டு பேர் ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் விழிக்க மாட்டார்கள், ஒருத்தருக்கு ஞாயிறு சர்ச், இன்னொருத்தருக்குப் புறா பந்தயம். அத்தனை பேரையும் கட்டி மேய்த்தவளுக்குப் பத்து ரக்பி கிளப் எம்மாத்திரம்?

முப்பது வருஷம் டிப்போவில் இருந்தும் வண்டி ஓட்டத் தெரியாது. கேட்டால், "நாப்பத்திரெண்டு டிரைவர் இருக்கறப்ப நான் எதுக்குய்யா ஓட்டணும்?" என்பாள். ஆனால் கிளப் கிளப்பாக அவளைக் கூட்டிக்கொண்டு போக அந்த நாற்பத்திரண்டு பேரில் ஒருத்தனும் வந்ததில்லை. வந்தவன் நான். அதனால்தான் இந்தக் கதை எனக்குத் தெரியும்.

குணம் தங்கம் என்று சொல்ல மாட்டேன். போனை எடுத்தால் "சொல்லு" என்பாள். நலம் விசாரிக்காமல் புகாரை ஆரம்பித்தால் வைத்துவிடுவாள். எந்த அணி ஜெயித்தாலும் கை தட்ட மாட்டாள். அட்டவணை போடுகிற கை யாருக்கும் தட்டக்கூடாது என்பது அவள் கட்சி. ஆனால் ஒரு சொல் கொடுத்தால் கொடுத்ததுதான்.

எண்பத்தாறில் நெதர்டன் என்ற ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவன் ரோலண்ட் பிக், காகித ஆலையில் வேலை, வயது முப்பத்திரண்டு. தங்கள் ஊரில் இருபது பேர் சேர்ந்து ரக்பி லீக் கிளப் ஆரம்பித்திருக்கிறார்கள், மைதானம் இருக்கிறது, குளிக்கச் சுடுதண்ணீர் இருக்கிறது, வருகிற அணிக்குச் சாப்பாடு போட ஆள் இருக்கிறது, எங்களையும் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டிருந்தான்.

தெல்மா அதை ரெண்டு தரம் படித்தாள். "பத்துப் பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டே கிழடாகிட்டிருக்கோம், நார்மன். சுரங்கத்த மூடிட்டான். பசங்க எல்லாம் கால்பந்துக்குப் போறானுங்க. வாசல்ல வந்து ஒருத்தன் கதவத் தட்டறான், தொறக்கலன்னா நாம மனுஷங்களா?"

"தொறக்கறதுக்குப் பத்துப் பூட்டு இருக்கு தெல்மா," என்றேன்.

உண்மைதான். பத்து கிளப்பும் சம்மதித்தால்தான் புது கிளப் உள்ளே வரலாம். ஒரு கை மேலே போகாவிட்டாலும் விண்ணப்பம் போச்சு. அதிலும் பதினொன்று ஒற்றைப்படை. வாரா வாரம் ஒரு அணி ஆட்டமில்லாமல் சும்மா உட்கார வேண்டும். எந்தக் கிளப்புக்கு அது பிடிக்கும்?

அவள் செய்த காரியம்தான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். வேறு ஒருத்தராக இருந்தால் புது கிளப்பின் பெருமையைச் சொல்லி ஆதரவு கேட்டிருப்பார்கள். இவள் ஒவ்வொரு பழைய கிளப்புக்கும் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "உங்களால எதை விட்டுக்குடுக்கவே முடியாது? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

பிர்க்ரிக் கிளப் தலைவர் ஹாரி லிட், கசாப்புக் கடைக்காரர். கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எதை வேணா மாத்திக்கோ. பெரிய வெள்ளிக்கிழமை ராவன்கில்காரன் மூஞ்சிய ஒடைக்கிற உரிமைய மட்டும் தொடாத. எங்கப்பன் ஒடைச்சாரு, எங்க தாத்தன் ஒடைச்சாரு."

"பெரிய வெள்ளி, பிர்க்ரிக், ராவன்கில். ஆட்டம்னு எழுதிக்கிட்டேன். ஒடைக்கறத நீங்க பாத்துக்கங்க," என்றாள் தெல்மா.

மலையடிவாரத்து கிளப் ஒன்றில் பாதிப்பேர் ஆடு வளர்க்கிறவர்கள். அவர்கள் தலைவர் தலையைச் சொறிந்தார். "ஏப்ரல் மூணாவது சனிக்கிழமை எங்க டீம்ல ஏழு பேரு ஆட்டுக்குப் பிரசவம் பாத்துட்டு நிப்பான். வருஷா வருஷம் அன்னிக்குத் தோத்துப்போறோம்."

"பதினோரு அணின்னா வாரம் ஒருத்தருக்கு ஓய்வு. ஏப்ரல் மூணாவது வாரம் உங்களுக்கு. இனிமே அன்னிக்குத் தோக்க மாட்டீங்க, ஆட்டமே கெடையாது."

அந்த மனுஷனுக்கு முகமெல்லாம் பல். எல்லோரும் சனியன் என்று நினைத்த ஒற்றைப்படையை அவள் பிரசாதம் மாதிரி பங்கு போட்டுக் கொடுத்தாள். ஒரு கிளப்புக்கு ஊர்த் திருவிழா வாரம் ஓய்வு, இன்னொன்றுக்கு அவர்கள் ஊர் பித்தளை வாத்தியக் குழு போட்டிக்குப் போகிற வாரம் ஓய்வு. ஒன்பது கிளப் மூன்றே வாரத்தில் சரி என்றுவிட்டன. எனக்குத் தலைகால் புரியவில்லை. வண்டியில் பாடிக்கொண்டே ஓட்டினேன். "ரோட்டப் பாரு," என்றாள்.

மிச்சம் இருந்தது ஒரே கிளப், ராவன்கில். அதாவது தெல்மாவின் சொந்த கிளப்.

அவள் பிறந்தது ராவன்கில். அவள் அப்பாவும் ரெண்டு அண்ணன்களும் அந்தச் சிவப்புக் கறுப்புச் சட்டையில் ஆடியவர்கள். தொடரின் செயலாளர் என்பது ஒரு பக்கம். தொடர்க் கூட்டங்களில் ராவன்கில் கிளப்பின் பிரதிநிதியாக உட்காருவதும் அவள்தான். எங்கள் பக்கத்தில் பிரதிநிதி என்றால் கிளப் சொன்னதைப் போய்ச் சொல்கிற ஆள். தன் மனசுக்குப் பட்டதைச் சொல்ல அவரை யாரும் அனுப்புவதில்லை.

ராவன்கில் தலைவர் எட்வின் ஃபியரன் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவர். சுரங்கத்தில் முப்பது வருஷம். சிரித்து நான் பார்த்ததில்லை. தெல்மா அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டாள்.

"எதை விட்டுக்குடுக்க முடியாதா? ஆளுங்கள," என்றார் ஃபியரன். "எங்கிட்ட பதினாறு பேரு. அதுல நாலு பேரு வேலை தேடி நெதர்டன்ல குடியேறிட்டான். வாசல்ல ஒரு கிளப் வந்தா எட்டு மைல் பஸ்ஸேறி இங்க எவன் வருவான்? பதினாறுல நாலு போனா பன்னெண்டு. பன்னெண்டு பேர வச்சுச் சீட்டாடலாம் தெல்மா, ரக்பி லீக் ஆட முடியாது."

எங்கள் தொடரின் விதி அப்படித்தான். விசில் ஊதும்போது பதிமூன்று பேர் நிற்கவில்லை என்றால் எதிர் அணிக்கு வெற்றி. அப்படி மூன்று தரம் நடந்தால் கிளப்பையே தொடரிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

"ஊருல சுரங்கம் போச்சு. ரெண்டு கடை போச்சு. சனிக்கிழமை மத்தியானம் ஒண்ணுதான் மிச்சம். அதையும் நீயே வந்து புடுங்கிட்டுப் போறியா?"

கமிட்டி அன்றே கூடியது. ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கூட்டத்தில் ராவன்கில் பிரதிநிதி நெதர்டனுக்கு எதிராக வாக்களிக்க வேண்டும் என்று முடிவு.

திரும்பி வரும்போது வண்டியில் எனக்குப் பொறுக்கவில்லை. "தூக்கிரு தெல்மா. கைய மேல தூக்கிரு. நீ போட்ட திட்டம் இது. ஒரு எட்வினுக்குப் பயந்து..."

"வாய மூடு நார்மன்."

"அவன் சொல்றது சரின்னு நெனைக்கிறியா?"

"பயப்படறது சரிதான். வேண்டாம்னு சொல்றது தப்பு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பழைய கிளப்ப மதிச்சுத்தான் இதச் செய்வேன்னு ஊர் ஊராப் போய்ச் சொன்னேன். ஒம்போது பேர மதிச்சுட்டு பத்தாவதா எங்க ஊர மட்டும் ஏமாத்தவா? எனக்கு வயிறு எரியுது. ஓட்டு. பேசாத."

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, மதுக்கடைக்கு மேலே உள்ள அறையில். கீழே கடை பன்னிரண்டுக்குத் திறக்கும் என்பதால் எந்தக் கூட்டமும் ஒரு மணி நேரத்தைத் தாண்டாது. அதுவும் தெல்மாவின் ஏற்பாடுதான். ரோலண்ட் பிக் கழுத்தை இறுக்கும் சட்டையும் டையுமாகக் கதவோரம் நின்றிருந்தான். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் கல்யாணப் பெண் நிற்கிற மாதிரி நின்றான்.

தெல்மா எழுந்து ஒவ்வொரு கிளப்புக்கும் எழுதிக் கொடுத்ததை வாசித்தாள். பிறகு ஒவ்வொரு கிளப்பின் பேரையும் கூப்பிட்டாள். ஒவ்வொரு கையாக மேலே போனது. ஒன்பது கை. கடைசியாக அவளே, "ராவன்கில்," என்று வாசித்தாள்.

அவள் கை மேசைமேல் இருந்தது. அசையவில்லை. "ராவன்கில், எதிர்ப்பு. விண்ணப்பம் தள்ளுபடி," என்று சொல்லி, அதை அவளே நோட்டில் எழுதினாள்.

அறையே கொந்தளித்தது. ஹாரி லிட் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "ஏம்மா, மூணு வாரமா எங்க உசுர வாங்கிட்டு இப்ப நீயே கவுத்தியா? பைத்தியமா புடிச்சிருக்கு ஒனக்கு?"

"எங்க கிளப் வேண்டாம்னு சொல்லச் சொல்லுச்சு. சொல்லிட்டேன்."

"ஏன் வேண்டாமாம்?"

"அது எங்க கிளப் வெவகாரம். வெளிய சொல்ல என்னை அனுப்பல."

அவளுக்கு வாய்ப்பூட்டு. எனக்கென்ன? "பன்னெண்டு பேரு!" என்று கத்திவிட்டேன். "நாலு பேரு நெதர்டனுக்குப் போயிட்டா ராவன்கில்லுக்குப் பன்னெண்டு பேருதான். ஆளில்லாம கிளப் செத்துப்போகும்னு பயம். இவ சொல்ல மாட்டா. நான் எந்தக் கிளப்பும் இல்ல, நான் சொல்றேன்."

தெல்மா என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும்.

கதவோரம் நின்ற ரோலண்ட் தொண்டையைச் செருமினான். "மிஸஸ் மொசப், நான் பேசலாமா? ராவன்கில்லுக்கு எப்பல்லாம் பதிமூணு தேறலையோ, ஒரு போன் போட்டா போதும். எங்க ஆள் ஒருத்தன் போய் அவங்க சட்டையப் போட்டு ஆடுவான். எங்களோடயே அவங்களுக்கு ஆட்டம்னாலும் சரி. யாரு வேணும்னு அவங்களே பொறுக்கிக்கட்டும்."

யாரோ சிரித்தார்கள். தெல்மா சிரிக்கவில்லை. அவன் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதி, அவனிடம் கையெழுத்து வாங்கினாள். "இத எங்க கிளப்புக்குக் கொண்டுபோறேன். ஆனா வாக்கு போட்டது போட்டதுதான். தள்ளுபடி." கீழே கடை திறக்கும் மணி அடித்தது. ஒருத்தரும் அவளுக்கு ஒரு கிளாஸ் வாங்கிக் கொடுக்கவில்லை. அவள் செயலாளராக இருந்த இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

அன்று மத்தியானமே ராவன்கில் போனோம். ஃபியரன் கிளப் வாசலில் நின்றிருந்தார். சேதி அதற்குள் வந்துவிட்டது போலிருக்கிறது. தெல்மாவைப் பார்த்ததும் கோட்டின் உள்பையிலிருந்து ஒரு உறையை எடுத்து நீட்டினார்.

பிரித்தாள். நானும் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். தெல்மா மொசப் இன்று முதல் ராவன்கில்லின் பிரதிநிதி அல்ல, கிளப் உறுப்பினரும் அல்ல என்று இருந்தது. கீழே ஐந்து கையெழுத்து. தேதி அன்றைய தேதி.

"நேத்தே எழுதி வச்சுட்டேன்," என்றார் ஃபியரன், தரையைப் பார்த்துக்கொண்டு. "நீ கையத் தூக்கிருவேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். பந்தயம்கூடக் கட்டினேன். ஒங்கிட்ட மறைக்க மனசு வரல."

தெல்மா சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. மெதுவாகக் கேட்டாள். "அஞ்சு வயசுலேர்ந்து பழக்கம், எட்வின். இவ்வளவுதானா என்னைத் தெரிஞ்சுக்கிட்ட?"

ஃபியரனின் காது சிவந்தது. உறையை அவள் கையிலிருந்து வாங்கி நாலாகக் கிழித்தார். அவள் ரோலண்டின் கையெழுத்துத் தாளை அவரிடம் கொடுத்தாள். படித்தார். "ஆளக் கடன் குடுப்பானாமா? வாய் புளிச்சுதோ மாங்கா புளிச்சுதோன்னு பேசறான்."

"இருக்கலாம்."

"எங்களோடயே ஆட்டம்னாலும் குடுப்பானா?"

"அப்படித்தான் எழுதியிருக்கான்."

அவர் அந்தத் தாளை மடித்துக் கோட்டுப் பையில் வைத்தார். "நீ ஒனக்கு எதிராவே சொன்ன சொல்லக் காப்பாத்தினே. அவன் காப்பாத்தறானான்னு பாப்போம். மறுபடி கூட்டம் போடு. நானே வரேன்." எதிர்த்து வாக்களித்த கிளப் கேட்டால் மறுகூட்டம் உண்டு என்பது விதி. ரெண்டு வாரம் கழித்து அவரே வந்தார், யார் முகத்தையும் பார்க்காமல் கையைத் தூக்கினார், ஒரு கிளாஸ்கூடக் குடிக்காமல் போய்விட்டார். நெதர்டன் பதினோராவது கிளப் ஆனது.

ஃபியரன் பயந்தபடியே அந்த நாலு பேரும் நெதர்டனுக்குப் போனார்கள். ராவன்கில் எங்கெங்கோ தேடி மூன்று பேரைச் சேர்த்தது. மொத்தம் பதினைந்து. நெதர்டன் முதல் நாலு ஆட்டமும் வெளியூர் மைதானங்களில் ஆடி, நாலிலும் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டது. ஐந்தாவது ஆட்டம் சொந்த மைதானத்தில் முதல் ஆட்டம். எதிர் அணி ராவன்கில். தெல்மா வேண்டுமென்றே போட்டாள் என்று நான் சொன்னால் இல்லை என்பாள். நம்பாதீர்கள்.

அக்டோபர் மாதம், ஓயாத தூறல். ஊரே வந்திருந்தது. குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு முந்நூறு பேராவது கயிற்றோரம் நின்றார்கள். நடுவர் நான்தான். மூன்று மணிக்கு ஆட்டம். ரெண்டே முக்காலுக்கு ராவன்கில் வேன் வந்தது. இறங்க இறங்க எண்ணினேன். பன்னிரண்டோடு நின்றது. ரெண்டு பேருக்கு முந்தின வாரம் அடி. இன்னொருத்தனுடைய பெண்டாட்டிக்கு அன்று காலையில்தான் வலி கண்டிருந்தது. வழியெல்லாம் ஆள் தேடியும் கிடைக்கவில்லை.

ஃபியரன் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்கிற ஜாதி இல்லை அந்த மனுஷன். பன்னிரண்டு பேரையும் வரிசையாக நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என் கடிகாரத்தில் மூன்றுக்கு நாலு நிமிஷம். கூட்டத்தில் ஒருத்தன், "ஊதுடா விசிலு! ரெண்டு புள்ளி நமக்கு!" என்று கத்தினான். நாலு தோல்வி கண்ட ஊர். ஆடாமலே முதல் வெற்றி. யாருக்குத்தான் நாக்கில் எச்சில் ஊறாது? கயிற்றோரம் தெல்மா குடையைக்கூட விரிக்காமல் நனைந்துகொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ரோலண்ட் மைதானத்தைக் குறுக்கே கடந்து ஃபியரனிடம் போனான். "யாரு வேணும், மிஸ்டர் ஃபியரன்?"

ஃபியரன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நெதர்டன் வரிசையைப் பார்த்தார். மாற்று ஆளாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த குண்டு பேக்கரிக்காரனை அவர் பார்வை தாண்டிப் போயிற்று. விரலை நீட்டினார். "அவன்."

அவர் காட்டியது நீல் ஸ்டாபர்ட். கூரை ஓடு வேய்கிறவன், நெதர்டனிலேயே சிறந்த ஆட்டக்காரன். அந்த நாலு தோல்வியிலும் அவர்கள் எடுத்த புள்ளியெல்லாம் அவன் காலால் ஓடி எடுத்தது. கூட்டம் ஊளையிட்டது. "யோவ் கெழவா, ஒனக்கே நியாயமா இருக்கா?"

"பொறுக்கிக்கோன்னான். பொறுக்கினேன். நான் என்ன முட்டாளா?" என்றார் ஃபியரன்.

ரோலண்ட் திரும்பி, "நீல், சட்டைய மாத்து," என்றான்.

"வெளையாடறியா மாப்ள? நம்ம ஊர்ல மொத ஆட்டம்டா! எங்கம்மா வந்திருக்கு!"

"கையெழுத்துப் போட்டிருக்கேன். மாத்து."

"சரி, அவனுங்க பக்கம் நின்னுட்டு மெதுவா ஓடவா?"

"மெதுவா ஓடினே, நாளைலேர்ந்து நெதர்டன் சட்டையத் தொடாத. எந்தச் சட்டை போட்டிருக்கியோ அதுக்கு ஆடு."

மூன்று மணி. ஊதினேன். எண்பது நிமிஷம் சேற்றில் புரண்டார்கள். நெதர்டன் அன்று பேய் பிடித்தாற்போல் ஆடியது. முடிய நாலு நிமிஷம் இருக்கும்போது பதினான்குக்குப் பன்னிரண்டு என்று முன்னால் நின்றது. அப்போது ஸ்டாபர்டுக்குப் பந்து கிடைத்தது. தன் ஊர்க்காரர்கள் மூன்று பேரை, கூடப் படித்தவர்களை, தள்ளிக்கொண்டு ஓடி, எல்லைக் கோட்டைத் தாண்டி விழுந்து பந்தைத் தரையில் அழுத்தினான். நாலு புள்ளி. ராவன்கில் பதினாறு, நெதர்டன் பதினான்கு. அவன் எழுந்திருக்கவே இல்லை, சேற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தான். முந்நூறு பேரிடமும் ஒரு சத்தமில்லை. கயிற்றோரம் ஒரு பெண்பிள்ளை, "அடப்பாவி! ஆனா நல்லா ஓடினான்யா என் புள்ள!" என்று கத்திக் கை தட்டினாள். அவன் அம்மாதான். அதற்கப்புறம்தான் மற்றவர்களும் தட்டினார்கள்.

ஆட்டம் முடிந்ததும் ரெண்டு அணியும் குளிக்கப் போயிற்று. உள்ளே ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் பெரிய பாத்திரங்களில் ஆவி பறந்தது. ரோலண்ட் மட்டும் சேற்றோடு வாசல் படியில் உட்கார்ந்திருந்தான். தெல்மா போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"மிஸஸ் மொசப், நாங்க இன்னும் ஒரு ஆட்டங்கூட ஜெயிக்கல," என்றான்.

"தெரியும்டா. அட்டவணை எங்கிட்டதான இருக்கு." குனிந்து அவன் சேற்றுக் கையை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இன்னிக்கு எங்க ஊருக்கு ஒரு ஆட்டம் இருந்துச்சு. ஒன்னாலதான்டா."

பின்னால் கதவு திறந்தது. ஃபியரன், ஒரு தோளில் துண்டு, இன்னொரு கையால் ஸ்டாபர்டின் கழுத்தை அணைத்துப் பிடித்திருந்தார். "ஏ தெல்மா," என்றார். "இவனத் திருப்பிக் குடுக்கணும்னு அந்தத் தாள்ல எங்கயாவது எழுதியிருக்கா என்ன?"

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நான் பார்த்தேன், பல் தெரியச் சிரித்தார். தெல்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, சேறு படிந்த கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.